நாற்பது விநாடி வாசிப்பு

சீனியம்மாளுக்கு எழுத்து வந்தது முப்பத்தெட்டாவது வயதில். அதுவரைக்கும் கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் ரேஷன் கார்டிலும் எழுத்து இருக்கத்தான் செய்தது. சுவரில் காரை பெயர்ந்த இடம் கண்ணில் படுகிற மாதிரி அதுவும் பட்டது, அவ்வளவுதான். அப்போது அவள் சித்தாள் வேலை பார்த்தாள். செவல்குளத்துக்கு வெளியே, மாவட்டத்தின் ஆவணங்கள் எல்லாவற்றையும் வைத்துக் காப்பதற்கென்று குளிரகம் எழும்பியபோது, அதன் மூன்று மாடிக்கும் கலவைச் சட்டி ஏற்றியவர்களில் அவளும் ஒருத்தி. ஊரார் அதற்கு ஐஸ் பில்டிங் என்று பேர் வைத்தார்கள்.

கட்டடம் முடிந்த கையோடு அவள் இடுப்பும் முடிந்துபோயிற்று. குனிந்தால் நிமிர முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்புக்குப் போனாள். கூடப் போன பெண்கள் மழை, கல்யாணம், கால்வலி என்று ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். எதிர்வீட்டு மாரித்தங்கம் மூன்றாம் புத்தகத்தோடு நின்றாள். சீனியம்மாள் மட்டும் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தனியாக எழுதினாள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினாள். நாற்பத்து நான்காவது வயதில் நூலக உதவியாளருக்கான ஆறு மாதப் படிப்பை முடித்துக்கொண்டு, தான் கலவை சுமந்த அதே கட்டடத்துக்குள் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்தாள்.

அந்தக் காலத்தில் நூலகப் படிப்புக்கு ஏகக் கிராக்கி. புத்தகம் அடுக்குவதற்கு அல்ல, கழிப்பதற்கு. குளிரகத்து எந்திரங்களுக்குள் இருந்த ஒவ்வொரு காகிதமும், யார் என்ன கேட்டாலும் அந்த நொடியே பதில் சொல்வதற்காக இரவு பகலாக விழித்திருந்தது. விழித்திருந்தால் சூடு ஏறும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். அந்தப் பக்கமோ வானம் பார்த்த பூமி. குளிரகம் இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று அரசாங்கம் அளவு வைத்தது. அதனால் புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். ஏழு வருஷம் யாரும் திறந்து படிக்காத ஆவணம் பட்டியலுக்கு வந்துவிடும். ஆனால் மனிதக் கண் ஒரு தடவையாவது படாமல் எதையும் அழிக்கக் கூடாது என்று சட்டம். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர்தான் கழிப்பாளர்.

சீனியம்மாளுக்குக் கொடுத்தது மனுப் பிரிவு. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் ஜனங்கள் கொடுக்கிற மனுக்கள். அந்தப் பிரிவை எடுக்க வேறு யாருக்கும் விருப்பமில்லை. எல்லாம் ஒரே அழுகை என்பார்கள். அவள் ஒவ்வொரு மனுவையும் அனுப்புநர் முதல் தேதி வரைக்கும் உதடு அசையப் படித்துவிட்டுத்தான் கழிப்புப் பொத்தானை அழுத்துவாள். கைநாட்டு வைத்தவள் சொல்லச் சொல்ல, ஒருவன் எழுதிய காகிதம். அவள் சொன்னதை ஒருத்தியாவது முழுக்கக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டாமா என்று சீனியம்மாளுக்கு இருந்தது. பக்கத்து மேசை தில்ஷாத் நூலகவியலில் முதுகலை படித்தவள். ஒரு பார்வையில் ஒரு பக்கத்தை உறிஞ்சிவிடுவாள். "எக்கா, நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள மனுக் குடுத்தவரு பேரனுக்கே பென்ஷன் வந்துரும்" என்பாள். சீனியம்மாளும் சிரித்துக்கொள்வாள்.

மூன்றாவது வருஷக் கோடையில் வடக்குக் காலனிக்குத் தண்ணீர் குறைந்தது. நாள் விட்டு நாள் வந்துகொண்டிருந்தது, பிறகு நான்கு நாளைக்கு ஒரு தடவை என்றானது. காலனியில்தான் சீனியம்மாளும் இருந்தாள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது மாரித்தங்கம் அவளை விடமாட்டாள். ஐஸ் பில்டிங்குக்காரி வந்துட்டா, வழி விடுங்க, அவங்க காகிதத்துக்கெல்லாம் தாகம் எடுக்குமாம் என்பாள். வரிசை சிரிக்கும். சீனியம்மாளுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலைமை நூலகர் தேவசகாயம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மெல்லிய ஆள், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொன்னார், இடுப்புவலியை விசாரித்தார், தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அப்போதே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க கழிச்சு அனுப்பினதுல ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு மனு சாகல" என்றார் அவர். "இன்னும் உள்ள முழிச்சுக்கிட்டு இருக்கு."

"நான் எல்லாத்துக்கும் பொத்தான் அமுக்கினேனே சார்."

"அமுக்கினீங்க. அதுக்கு முன்னால படிச்சிட்டீங்க."

பிறகு அவர் விளக்கினார். கழிப்பாளர் திறந்து பார்ப்பதையும் வாசிப்பு என்று எந்திரம் எடுத்துக்கொண்டால் எதையுமே கழிக்க முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு அளவு வேண்டும் என்று, எந்திரத்தைச் செய்தவர்கள் நாற்பது விநாடி வைத்தார்கள். திரைக்கு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி, படிப்பவரின் கண் வரியில் ஓடுகிறதா என்று பார்க்கும். முதல் வரியில் கண் பட்டதிலிருந்து கடைசி வரியைத் தொடுகிறவரை எண்ணும். இடையில் கண்ணை எடுத்தாலோ, படித்த வரிக்கே திரும்பினாலோ எண்ணிக்கை நின்றுவிடும். நாற்பதுக்குள் முடிந்தால் அது கழிக்க வந்த கண். நாற்பதைத் தாண்டினால் தேவைப்பட்டுப் படிக்க வந்த கண். ஆவணத்துக்கு ஏழு வருஷ ஆயுசு கூடிவிடும், பொத்தானை அழுத்தினாலும் செல்லாது.

"நம்ம ஆளுங்க ஒரு மனுவைப் பத்து விநாடியில முடிச்சிருவாங்க. நாப்பதே தாராளம்னு நெனைச்சிருக்காங்க. இப்படி ஒருத்தர்..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ இந்த நாற்காலியில வந்து உக்காருவான்னு நெனைக்கல" என்று சீனியம்மாள் முடித்துக் கொடுத்தாள்.

அவர் மறுக்கவில்லை. ஒரு மனு விழித்திருந்தால் அது மட்டும் விழித்திருப்பதில்லை, அதோடு ஒட்டிய பட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு, விசாரணைக் குறிப்பு என்று நூறு காகிதம் சேர்ந்து விழித்திருக்கும் என்றார். அளவு மீறியதும் குழாயின் கடைசியில் இருக்கிற தெருவுக்குத்தான் முதலில் வெட்டு விழும் என்றார். அது எந்தத் தெரு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எந்திரத்தை மாற்ற எழுதிப் போட்டிருக்கிறார், மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் கோடையே போய்விடும். இங்கேயே செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு ஆவணத்தைக் கடைசியாகப் பார்த்த கண் எதுவோ அதுதான் செல்லும். ஆகவே ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றையும் மறுபடி திறந்து, நாற்பது விநாடிக்குள் மூட வேண்டும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்குக் கழிப்பு ஓடும்.

"படிக்காம மூடணும்."

"சும்மா ஒரு பார்வை பாத்துட்டு மூடணும்மா."

"எழுத்துத் தெரியாத காலத்துல அப்படித்தான் சார் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அச்செடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று அவள் கேட்டாள். தாள் தண்ணீர் குடிக்காதே.

"வச்சுக்கலாம். ஆனா எந்த ஆபீசுல கொண்டு போய்க் காட்டினாலும் அவங்க குளிரகத்தைத்தான் கேப்பாங்க. அப்படி ஒரு மனுவே கிடையாதுன்னு அது சொல்லும். கிடையாத மனுவுக்கு உன்கிட்ட நகல் எப்படி வந்துச்சுன்னு அந்த ஏழையைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க." பிறகு அவரே சொன்னார். "நான் படிக்கும்போது நூலகருன்னா சேக்கிறவருன்னு சொல்லிக் குடுத்தாங்க. இந்தக் கட்டடத்துக்கு வந்த நாள்லேருந்து கழிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க செய்ய மாட்டீங்கன்னா தில்ஷாத்துகிட்ட குடுத்துருவேன். அவ ஒரே நாள்ல முடிச்சிருவா. உங்க மேல எந்த நடவடிக்கையும் வராது. முதல் வருஷம் எழுநூறு, ரெண்டாவது வருஷம் நானூறு, இந்த வருஷம் வெறும் அறுபத்து மூணுதான். நல்லா முன்னேறியிருக்கீங்க, அதையும் எழுதியிருக்கேன்."

"நானே செய்றேன் சார்" என்றாள் அவள்.

அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஆயிரத்தில் முக்கால்வாசி ஆறிப்போனவை. கேட்டது கிடைத்திருக்கும், இல்லை கேட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடலாம். காலனிக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆனால் ஒரு இருநூறு மனு அப்படி இல்லை. இன்றைக்கும் யாரோ ஒருவருக்கு அதுதான் ஒரே பிடி. அவற்றை மட்டும் முன்பு போலவே நிறுத்திப் படிப்பாள். நாற்பது தாண்டும். ஏழு வருஷம் கிடைக்கும். கேட்டால், என் வாசிப்பு அவ்வளவுதான் சார் என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் வெட்கப்பட்ட விஷயம் ஒரு நாளைக்காவது உதவட்டுமே.

புதன்கிழமை காலையில் உட்கார்ந்தாள். ஓடுகிற விநாடி திரையின் ஓரத்தில் தெரிகிற மாதிரி தேவசகாயம் அன்றைக்குத்தான் அமைத்து வைத்திருந்தார். முதலில் எடுத்தது அழகுமலையின் மனு. பதினோரு வருஷத்துக்கு முந்தையது. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். மகள் தவசுக்கனி எட்டாம் வகுப்பு தேறியிருக்கிறாள். படித்த தனியார் பள்ளியை ஒரே வாரத்தில் இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லை, பதிவேடுகளும் போன இடம் தெரியவில்லை. அந்தப் பெண் எட்டு தேறினாள் என்பதற்கு, மனுவோடு ஒட்டியிருந்த மதிப்பெண் அட்டையின் படம் மட்டும்தான் உலகத்தில் மிச்சம். அவள் இன்னும் எட்டு படித்தவளாக இருக்கிறாள் என்றால் அது இந்த மனு விழித்திருப்பதால்தான்.

சீனியம்மாள் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிதானமாக, ஒரு சொல் விடாமல் படித்தாள். 'தங்கள் உண்மையுள்ள' என்று கடைசி வரியில் கண் பட்டதும் திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. முப்பத்தொரு விநாடி. கழிப்பில் சேர்க்கப்பட்டது.

எந்திரம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். மறுபடி திறந்தாள். இருபத்தெட்டு. வகுப்பில் சேர்ந்த புதிதில் செய்தது போல விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனாள். விரல் வரியின் நடுவில் இருக்கும்போதே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. இருபத்தாறு. தில்ஷாத்தைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்று, சோதனைப் பக்கம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள்.

"மிஷினுக்கு ஒண்ணுமில்லக்கா. உங்களுக்குத்தான் ஆயிப்போச்சு" என்று சிரித்தாள். "படிக்க வந்துருச்சுக்கா உங்களுக்கு. எப்ப இருந்து இப்படிப் படிக்கிறீங்க?"

சீனியம்மாள் சிரிக்கவில்லை. இந்த வருஷம் வெறும் அறுபத்து மூன்று என்று தேவசகாயம் சொன்னதன் பொருள் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வருஷம் அந்த அறுபத்து மூன்று போகப் படித்ததெல்லாம், சேர்த்து நூற்றுக்கணக்கில், அதே அக்கறையோடு, அதே உதட்டசைவோடு படித்த ஒவ்வொன்றும், படித்த வாரத்து வெள்ளிக்கிழமையே செத்துப்போயிருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன் என்று அவள் திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்போது அழகுமலை மகளின் மனுவையும், காப்பாற்ற உட்கார்ந்தவளே மூன்று தடவை கொன்றாயிற்று.

தில்ஷாத் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்ததும், வேண்டுமானால் நான் மெதுவாகப் படித்துப் பார்க்கிறேன் என்றாள். பார்த்தாள். பன்னிரண்டு விநாடி. கண்ணை எப்படிக்கா கட்டிப் போடுறது என்று எழுந்து போனாள்.

அன்று சாயந்தரம் தண்ணீர் முறை. சீனியம்மாள் குடத்தை வைத்துவிட்டு மாரித்தங்கத்தின் பக்கத்தில் போய் நின்றாள். வழக்கமான கேலி ஆரம்பிக்கும் முன்பே, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாகப் படித்தது, மனுக்கள் சாகாமல் இருந்தது, குழாய் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து கூடினார்கள்.

"அப்போ மூணு மாசமா என் அடுப்படி காஞ்சு கெடந்தது ஒன்னாலதானா?"

"ஆமா மதினி."

மாரித்தங்கம் திட்டத் தொடங்கினாள். படித்த திமிர் என்றாள். ஊரான் வீட்டுக் காகிதத்துக்கு என் பிள்ளைகள் வாயைக் கட்ட வேண்டுமா என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். சீனியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் மூச்சு வாங்க நின்ற இடத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐஸ் பில்டிங்குக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"ஒரு மனு இருக்கு. நீ படிக்கணும்."

"நக்கலா பண்ற? மூணாம் புத்தகத்தோட நின்னவ நான்."

"அதனாலதான் கூப்பிடுறேன். எங்க யாருக்கும் மெதுவாப் படிக்க வர மாட்டேங்குது."

மாரித்தங்கத்துக்கு இதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தண்ணீரை நானே வந்து நிறுத்திக்கொள்ள வேண்டுமா, எனக்கென்ன கிறுக்கா என்றாள்.

"நிறுத்த வேண்டாம்னா நாப்பது எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சிரு. அந்த மனு அன்னைக்கே போயிரும். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காஞ்சது ஒன் அடுப்படி. முடிவு பண்ண வேண்டியதும் நீதான் மதினி. தனியா என்னால முடியல."

"வாரேன்" என்றாள் மாரித்தங்கம். "வந்து எந்திரிச்சுக் காட்டுறேன் பாரு."

இடையில் இரண்டு நாளும் சீனியம்மாள் சொன்ன வேலையைச் செய்தாள். ஆறிப்போன மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். அவற்றையும் அவளால் படிக்காமல் மூட முடியவில்லை. கண் போய்விடுகிறது. படித்தாள், மூடினாள், எல்லாம் முப்பதுக்குள். இருநூறை மட்டும் தொடாமல் தனியாக வைத்தாள். தொடாத வரைக்கும் அவை பிழைத்துக் கிடக்கும். மூன்று மாதம் கழித்து எந்திரத்தை மாற்றும்போது என்ன ஆகுமோ, அது அப்போது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாரித்தங்கம் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. பொதுமக்கள் வாசிப்பதற்கென்று கீழ்த்தளத்தில் ஒரு கூடம் உண்டு, பன்னிரண்டு நாற்காலி, திரைக்கு மேலே அதே சின்னக் கண்ணாடி. கட்டடம் திறந்த நாளிலிருந்து அதில் உட்கார்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் வீட்டிலிருந்தே கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொள்கிறார்கள், மூலக் காகிதத்தைத் திறந்து படிக்க யார் வருகிறார்கள்? மாரித்தங்கம் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியின் நுனியில், எழுவதற்குத் தோதாக உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தேவசகாயம் வந்து நின்றார். சீனியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

மனு திரையில் வந்தது.

"எங்கன ஆரம்பிக்க?"

"மேல இருந்து."

"அ...னு...ப்...பு..." மாரித்தங்கத்தின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்தது. "அனுப்புநர். அழ... அழகு... மலை." ஒரு பெயர் முழுசாக வாயில் சேர்ந்ததில் அவளுக்கே ஆச்சரியம். திரும்பி சீனியம்மாளைப் பார்க்கப் போனாள்.

"கண்ணை எடுக்காத மதினி. எடுத்தா எண்ணுறது நின்னுரும்."

"நின்னா நல்லதுதானே" என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

திரையின் ஓரத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. மாரித்தங்கம் பெறுநரைத் தாண்டிப் பொருளுக்கு வந்தாள். என் மகள் என்று வந்தது. தவசுக்கனி என்ற பெயரில் வழுக்கி, மறுபடி ஏறி, பிடித்தாள். இருபத்தாறு. சூளை என்ற சொல்லுக்கு நின்றாள். நானும் சூளையில கெடந்தவதான் என்று தனக்குள் முனகினாள். முப்பத்திரண்டில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். சீனியம்மாள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே, சுவர்களுக்குள் எங்கோ, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த முறை காலனிக்கு வரவேண்டிய தண்ணீர்.

மாரித்தங்கம் எழுந்தும் எழாமலும், இடுப்பு நாற்காலியை விட்டு ஒரு முழம் மேலே நிற்க, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஒன்...ப...தாம் வகு... வகுப்பில் சே...ர்..."

எண் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

"ஆயிருச்சு மதினி" என்றாள் சீனியம்மாள் மெதுவாக. "நாப்பது தாண்டிருச்சு. இனி நீ எந்திரிச்சாலும் ஒண்ணுதான்."

மாரித்தங்கம் ஒரு கையைத் தூக்கி அவள் பேச்சை நிறுத்தினாள். கண் வரியை விட்டு அசையவில்லை. திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"சும்மா இரு" என்றாள். "அந்தப் புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தாங்களா இல்லையான்னு இன்னும் வரல."